அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்தே கட்டியவர்கள்

மொகஞ்சதாரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கழிவுநீர் வாய்க்கால்களைப் புகழாமல் விடுவதில்லை. புகழ் பெரும்பாலும் செங்கல்லின் சீரான அளவுக்கே போய்விடுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியவர்கள், கழிவுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளத்தான் செய்யும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். வாய்க்கால்மேல் பரப்பிய செங்கற்களையும், அகலமான இடங்களில் மூடிய சுண்ணாம்புக் கற்பலகைகளையும் பெயர்த்தெடுக்க முடியும். இடையிடையே செங்கல் தொட்டிகள் இருந்தன. கசடு அடியில் தங்க, நீர் மேலே வழிந்து அப்பால் போகும். அடைப்பைத் தடுக்க முடியாது, அது எங்கே விழவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம் என்ற கணக்கு அது. வாய்க்கால் ஓரங்களில் சிறு மணற்குவியல்கள் கிடந்ததை அங்கே அகழாய்வு செய்த எர்னஸ்ட் மக்கே குறித்திருக்கிறார். தூர்வாரி மேலே போட்டவை என்பது அவர் முடிவு. அள்ளியதை அப்புறப்படுத்தாமல் விட்டது சீர்கேடுதானே என்று கேட்கலாம். சீர்கேடுதான், தெருவோரம் சகதியைக் குவித்துவிட்டுப் போகும் வழக்கம் நமக்கும் அந்நியமல்ல. ஆனால் குவியல் இருக்கிறதென்றால், யாரோ மூடியைத் திறந்து அள்ள முடிந்திருக்கிறது.

இன்றைய சிங்க்கின் அடியிலுள்ள வளைகுழாய் வேறொரு கவலையில் பிறந்தது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் எஸ் வடிவ வளைவு இருந்தது. வளைவில் தேங்கும் நீர் சாக்கடை வாடையை வீட்டுக்குள் விடாது. அருமையான யோசனை, ஆனால் நீர் நிற்கும் இடத்தில் சோற்றுப்பருக்கையும் நிற்கும், சூடாக ஊற்றிய எண்ணெய் ஆறி ஒட்டும். நாற்றத்துக்குப் போட்ட பூட்டே அடைப்புக்குத் திண்ணையானது. வளைவின் அடியில் கழற்றும் மூடி வைத்தால் பாதித் தொல்லை தீரும். அந்த மூடியையும் சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டும் வீடுகள் உண்டு.

திறந்த சாக்கடைக்குத் திரும்பச் சொல்கிறேனா? இல்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றத்தையே திணறடித்தபின், லண்டன் தன் கழிவைப் பெருங்குழாய்களில் அடைத்தது சரியே. மொகஞ்சதாரோவின் வாய்க்கால்களும் மூடியவைதான். மூடியதைத் திறக்க வழி உண்டா என்பதில்தான் வேறுபாடு. அந்த வழி குறுகியதால் ஒரு தொழிலே எழுந்தது. 1930களில் அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் பிளாங்க், வாஷிங் மெஷின் மோட்டாரையும் ரோலர் ஸ்கேட் சக்கரங்களையும் கம்பிவடத்தையும் பூட்டி, குழாய்க்குள் புகுந்த வேர்களை அறுக்கும் கருவியைச் செய்தார். ரோட்டோ ரூட்டர் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அதற்குமுன் மண்ணைத் தோண்டிக் குழாயை வெளியே எடுப்பதே பெரும்பாலும் வழியாக இருந்தது.

வலுவான மறுப்பு இன்னொன்று. திறந்து அள்ளும் அமைப்பு என்றால் அள்ளுவதற்கு ஒருவர் வேண்டும். இந்தியாவில் அந்த ஒருவரைச் சாதி தீர்மானித்தது. இதைத் தள்ள முடியாது. ஆனால் உயிர்ப்பலி எங்கே நடக்கிறது என்று பார்க்கவேண்டும். தெரு மட்டத்துக்குச் சற்றே கீழே ஓடும் வாய்க்காலை மேலே நின்றே வாரலாம். ஆழத்தில் புதைந்த பாதாளச் சாக்கடைக்கு நாம் வைத்த திறப்போ, ஆள் உள்ளே இறங்கும் அளவுக்கென்றே செய்யப்பட்டது. அங்கே தேங்கும் விஷவாயுவில்தான் தொழிலாளர்கள் சாகிறார்கள். பாதுகாப்புக் கருவியின்றி அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும் அந்த மரணங்கள் நிற்கவில்லை. குழியின் அளவும் ஆழமும் மாறவில்லை.