பல்லுக்கு ரோல்பேக் கிடையாது

இந்த எபிசோடு என் பல்லைப் பத்தி. அதைச் சாக்கா வச்சு, ஒரு நூறு வருஷக் கதை.

எங்க ஊர் செஞ்சி பக்கம் வல்லம். சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து முன்பல் ஒண்ணு பாதி உடைஞ்சுது, அப்புறம் கறுத்தும் போச்சு. சென்னையில ஒரு கிளினிக்ல காட்டினேன். பத்தே நிமிஷம். "மேல ஆறு பல்லுக்கும் வெனீர் போட்டுடலாம் சார்"னாங்க. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "கெட்டது ஒண்ணு. நல்லா இருக்கிற அஞ்சை எதுக்குடா ராவணும்?"

பதில் தெரியல. படிக்க ஆரம்பிச்சேன்.

வெனீர்னா பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு. 1930கள்ல ஹாலிவுட் நடிகர்களுக்கு இதைச் செஞ்சு கொடுத்தவர் சார்லஸ் பின்கஸ். பல்செட்டுக்குப் போடுற பவுடரால ஒட்டுவாங்க, ஷூட்டிங் முடிஞ்சா கழட்டிடலாம். அதாவது ஆரம்பத்துல இது வெறும் மேக்கப்! 1955ல மைக்கேல் போனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால எனாமலைச் சொரசொரப்பாக்கினா பிசின் கெட்டியா பிடிக்கும்னு காட்டினார். 1980கள்ல பீங்கானையும் அதே மாதிரி சொரசொரப்பாக்கி ஒட்டினாங்க. தகடு நிரந்தரமாச்சு. கூடவே, தகட்டுக்கு இடம் விடப் பல்லை ராவுறதும் வழக்கமாச்சு. வெனீருக்குச் சுமார் அரை மில்லிமீட்டர். பல்லை முழுசா மூடுற கிரௌனுக்கு அதைவிட ரொம்ப அதிகம். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைச்சதுமே போயிடும், அதனால ராவினது திரும்ப வளராது. நம்ம பாஷையில, ரோல்பேக் இல்லாத ரிலீஸ்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 1907. வில்லியம் டாகர்ட்ங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லுக்கான தங்க வேலையை மெழுகு வார்ப்புல செய்யும் முறையைப் பரப்பினார். மெழுகுல வடிவம் செய், மேல பூச்சு பூசு, மெழுகை உருக்கி எடு, உலோகத்தை ஊத்து. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் செய்றது இதேதான், சோழர் கால வெண்கலமும் இதே வழிதான். ஸ்தபதி மூக்கு, விரல் எல்லாத்தையும் மெழுகுலயே முடிவு பண்ணிடுவார். ஊத்தின பிறகு செதுக்கி மெருகேத்தலாம், நிக்கிற நிலையை மாத்த முடியாது.

பல்லுக்கும் திட்டம் மெழுகுலதான். ரெண்டாவதா பார்த்த டாக்டர் அக்கா முதல்ல எக்ஸ்ரே எடுத்தாங்க, ஈறைப் பார்த்தாங்க, ராத்திரி பல்லைக் கடிக்கிறேனான்னு கேட்டாங்க (கடிக்கிறேன், டெட்லைன் வாரத்துல). அப்புறம் அச்செடுத்து, ஜிப்சம் மாடல்ல உடைஞ்ச பல்லை மெழுகால கட்டினாங்க. அதையே தற்காலிகப் பிசின்ல வாயில ஒட்டி, "பேசிப் பாருங்க"ன்னாங்க. அதுவரை டிரில் பக்கமே போகல.

முடிவு: கறுத்த பல்லுக்கு வேர் சிகிச்சை, மத்ததுக்கு ப்ளீச், கடைசியா ஒரே ஒரு கிரௌன். பீங்கான் ப்ளீச்சுல வெளுக்காது, அதனாலதான் இந்த வரிசை. ஒத்தைப் பல்லைப் பக்கத்துப் பல் நிறத்தோட சேர்க்கிறது லேபுக்குத்தான் தலைவலி. ஆறும் போட்டா அவங்களுக்கு ஈசி.

இன்னிக்கு என் 'ஃப' கொஞ்சம் காத்தா கேட்டா மன்னிச்சுக்கோங்க. இப்போ இருக்கிறது டெம்பரரி. ஒரிஜினல் வியாழக்கிழமைதான் வருது.