ஆறு இறங்கும் முன்

நாகரிகம் என்றதும் நைல், யூப்ரடீஸ், சிந்து என்று ஆற்றங்கரைகளை ஒப்பித்துத்தான் நமக்குப் பழக்கம். கரியாலூர் மலைச்சரிவில் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பாடத்தில் முதல் பக்கம் கிழிந்திருப்பது தெரியும்.

கோமுகியும் மணிமுக்தாவும் பிறப்பது இந்தக் கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலைத் தொடுகின்றன. ஆறுகள் இறங்கிய அதே வழியில்தான், அவற்றுக்கு வெகுகாலம் பின்னால், உழவும் இறங்கியது.

இம்மலை ஊர்களில் மரத்தடிச் சாமியாக நிற்கும் வழவழப்பான கற்கள் சிலவற்றை உற்றுப் பாருங்கள். ஒரு முனை கூராகத் தேய்ந்திருக்கும். அவை புதிய கற்கால மனிதர்கள் காடு திருத்திய கற்கோடரிகள். வடக்கே ஜவ்வாது மலையடியில், திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வில் அதே மக்கள் தோண்டி வாழ்ந்த குழி வீடுகளும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. நெல் அல்ல, மானாவாரிப் பயிர்! பெரிய ஆற்றைக் கட்டி மேய்க்க அன்று கருவியும் இல்லை, ஆள்பலமும் இல்லை. மழையை நம்பிய சரிவே போதுமானதாக இருந்தது. ஏர் பூட்ட முடியாத மேட்டில் மண்ணைக் கொத்திச் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்து மலையாளிகள் அல்லர்) இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உலகெங்கும் கதை ஏறக்குறைய இதுதான். ஈராக்கின் ஜாக்ரோஸ் மலையடிவாரத்து ஜார்மோவில் கி.மு. 7000 வாக்கிலேயே கோதுமை விளைந்தது. யூப்ரடீஸ் சமவெளியில் ஊருக் நகரம் எழ அதற்கப்புறம் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. சிந்துவெளிக்கு முன்னோடியான மெஹர்கரும் போலன் கணவாயின் அடியில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆற்றுச் சமவெளியை வசப்படுத்த உதவியது இரும்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அது கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது. வண்டல் மண்ணை உழவும் ஏரி வெட்டவும் கல் போதாது.

இறங்கியவர்கள் மலையை மறந்துவிடவில்லை போலும். சங்க காலத்தில் தென்பெண்ணைக் கரையில், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரிலிருந்து ஆண்டவர்கள் ஆற்றின் பெயரைச் சூடிக்கொள்ளவில்லை. அவர்கள் பெயர் மலையமான். நாட்டின் பெயர் மலாடு.