கதவு திறந்திருந்தது, உள்ளே போய்ப் பார்த்தது யார்?

நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். இணையத்தில் நாம் தட்டும் பாஸ்வேர்டைப் பூட்டி அனுப்பும் வேலையைப் பல தளங்களில் செய்வது, யாரோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த நிரல். இப்படி எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருப்பதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். எல்லோரும் பார்க்க முடிவதால் அதன் தரம் தானாகவே உயர்ந்துவிடும் என்று கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். நாமும் அதை நம்பினோம். தோழர்களே, இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அடிவாங்கிய வரலாறும் இருக்கிறது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டி வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அவர் முன்வைத்தது உரிமைக் கோரிக்கை. மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு அதைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் சுதந்திரம் வேண்டும் என்றார். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை வெளியிட்டார். ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராதவர்கள் இணையம் வழியாகத் திருத்தங்கள் அனுப்ப, அது வளர்ந்தது.

இந்தக் கூட்டு உழைப்பைப் பார்த்த எரிக் ரேமண்ட், 1997இல் 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்' என்ற கட்டுரையில் ஒரு வாதத்தை வைத்தார். போதுமான பேர் பார்த்தால் எந்தப் பிழையும் சிக்கிவிடும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு, கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்த 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் நிலைபெற்றது. நிறுவனங்களிடம் கொண்டுபோவதற்கு ஏற்ற பெயர் அது. அதன் பிறகு உரிமையைப் பற்றிய பேச்சு குறைந்தது, தரத்தைப் பற்றிய பேச்சு கூடியது.

தரம் என்ன ஆனது என்பதை 2014 ஏப்ரல் 7 காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையப் போக்குவரத்தைப் பூட்டும் மென்பொருள். உலகின் ஏராளமான சர்வர்கள் அதை நம்பியிருந்தன. அதில் ஒரு சிறு வசதி உண்டு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு கணினி ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுமுனை அதே சொல்லைத் திருப்பி அனுப்பும். ஆனால் சொன்ன நீளம் சரிதானா என்று நிரல் சோதிக்கவில்லை. மூன்றெழுத்தை அனுப்பிவிட்டு, இதன் நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையெல்லாம் வாரிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். இதற்கு ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து மட்டும் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடுபோயின.

அந்த வரிகள் சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31 அன்று. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தன. எழுதியவரைத் தவிர ஒருவர் சரிபார்த்திருந்தார், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதன் மேல் உட்கார்ந்து கோடிகோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் இதைக் கேட்கவே இல்லை. செய்தி வெடித்த பிறகுதான், அதே மாதம், லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பெரிய நிறுவனங்கள் பணம் போட முன்வந்தன.

பாடம் முழுதாகக் கற்கப்படவில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை நீண்டகாலமாக ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2022இல் முகமறியாத பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்றார்கள். களைத்திருந்த அவருக்கு உதவ 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே வந்திருந்தார். பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். 2024 தொடக்கத்தில் அந்தப் பெயரிலிருந்தே ஒரு கள்ளக்கதவு நுழைந்தது. அதைத் திறக்கும் முக்கிய வரிகள் பொது நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். தன் கணினியில் உள்நுழைவுக்கு ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைப் பார்த்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியாளான அவரால் வேர்வரை போக முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்த அரை விநாடி ஒரு புகாராகவே முடிந்திருக்கும்.

ஆகவே திறந்த மூலம் பொய் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கும் உரிமை வேறு, உட்கார்ந்து பார்க்கும் உழைப்பு வேறு என்கிறோம். ஊர்க்குளம் எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்துவிட்டால் குளம் தூர்ந்துபோகாமல் இருக்குமா? இறங்கித் தூர்வார ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி வேண்டும், மரியாதையும் வேண்டும். தண்ணீர் எடுத்தவர் பெயர் நிலைத்து, தூர்வாரியவர் பெயர் மறைந்துபோகும் கதை நமக்குப் புதிதல்ல.

கணினி படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு ஊதியம் உண்டா என்று தேடிப் பாருங்கள். பிறகு அதன் நிரலைத் திறந்து பத்து வரியாவது படியுங்கள். போதுமான பேர் பார்ப்பார்கள் என்று நம்பிச் சொன்னார்களே, அந்தப் போதுமான பேரில் நாமும் இருக்க வேண்டும்.