குழாய்க்கு அளவு எடுப்பது யார்?

"ஏன் டாக்டர் கிட்னி இப்படி ஊதுது?" பரம்பரை நீர்க்கட்டி நோயாளிகள் ஓபியில் கேட்பது இதைத்தான். உண்மையில் ஊதுவது கிட்னிக்குள் இருக்கும் நுண்குழாய்கள்.

ஒரு குழாய் தன் அளவை எப்படிக் காப்பாத்துது? தடயம் கிடைச்சது பூச்சியில்.

1669-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி (நம்ம தொழில்காரர்தான்!) பட்டுப்புழுவை அறுத்து, உடம்பு முழுக்க ஓடும் காற்றுக்குழாய்களை விவரித்தார்.

அளவுக்கு விளக்கம் வர 300 வருஷத்துக்கு மேல ஆச்சு. 2000-ல் பெய்டல், கிராஸ்னோ இருவரும் பழ ஈக் கருவில் செல் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார்கள். குழாய் அளவு அசரவில்லை! செல்லின் உள்பக்கப் பரப்புதான் அளவைத் தீர்மானிக்குது.

2005, 2006-ல் அடுத்த ஆச்சரியம். காற்று நிரம்பும் முன், குழாய்க்குள் தற்காலிகமா ஒரு கைட்டின் தண்டு உருவாகுது. அதைச் சுற்றித்தான் குழாய் சீராக விரியும். அது இல்லேன்னா அங்கங்கே வீங்கி, அங்கங்கே சுருங்கும்.

நம்ம கிட்னியில் கைட்டின் கிடையாது. அதனால ஓபியில் என் பதில் இன்னும் பாதிதான்.