அடுக்களைக்கு வந்த மூன்று முளைப் பிளக்கு

ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் ஆட்டுக்கல்லின் ஓசை ஓய்ந்த கதையைச் சொல்வோர் பலர். அதன் இடத்திற்கு வந்த மின்சாரக் கிரைண்டர் சுவரோடு எவ்வாறு இணைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இன்று அதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மேட்டூர் மின்சாரம் அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவையும் வந்தடைந்தது. ஆயினும், நெடுங்காலம் வீட்டிற்கு மின்சாரம் என்றால் விளக்கு என்பதே பொருள். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரக் கிரைண்டரை உருவாக்கினார். அது மெல்ல மெல்ல அடுக்களைகளுக்குள் புகுந்தபோது, விளக்குக்கென இழுத்த கம்பிகளே பல வீடுகளில் அதற்கும் பயன்பட்டன.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தோல் ஷாப்பு ஒன்றில் மோட்டார் பழுது பார்த்து வந்தவர் ஒருவர், கிரைண்டரின் கம்பியை நேரே சுவர்க் கம்பியோடு முறுக்கி, நாடா சுற்றிக் கொடுத்தார். தோலைப் புரட்டும் பெரும் பீப்பாயின் மோட்டார் இடம் பெயராதது. அதனை நிலையாக இணைப்பதே முறை. ஆனால் அதற்குத் தனி மெயின் சுவிட்சும் எர்த்துக் கம்பியும் வேண்டும். எங்கள் அடுக்களையில் இரண்டும் இல்லை.

ஒரு நாள் என் அன்னையார் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் தரையில் நின்று கல்லைக் கழுவினார். மறுகணம் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது எங்கள் நற்பேறு. பின்னர்த்தான் காரணம் விளங்கிற்று. சுவிட்சு ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் அமைந்திருந்தது. ஆகவே, கிரைண்டர் நின்றது, மின்சாரம் நிற்கவில்லை. ஈரம் புகுந்த மோட்டாரின் வழியே அது இரும்பு உடலுக்குக் கசிந்திருந்தது.

பிளக்கின் பெருமை இங்கேதான் புலப்படுகிறது. அதனைப் பிடுங்கிவிட்டால் இரு கம்பிகளும் ஒருங்கே விலகுகின்றன, ஐயத்திற்கு இடமில்லை. அமெரிக்காவில் ஹப்பெல் என்பவர் 1904இல் பிரித்தெடுக்கக்கூடிய பிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நாம் கையாளும் உருண்டை முளைப் பிளக்கு, பிரிட்டன் 1934இல் வகுத்த தரத்தின் வழிவந்தது. அதன் மூன்றாம் முளை மற்றவற்றைவிட நீண்டிருப்பது அழகுக்கன்று. செருகும்போது எர்த்து முதலில் இணைந்து, பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்கே.

சாக்கெட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட்டு 3,680 வாட் வரையில்தான் தாங்கும். 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலன் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுப்பதால், அதற்கு 6 ஆம்பியர் சாக்கெட்டு ஆகாது. எல்லைக்கு மேற்பட்ட பெரிய அடுப்புகளுக்கு நிலையான இணைப்பே தகும்.

2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, எளியோர் இல்லங்களுக்கும் இக்கருவிகள் வந்து சேர்ந்தன. கருவி வந்தால் மட்டும் போதாது. எர்த்து உள்ள சாக்கெட்டும் உடன் வர வேண்டும். அது இல்லாத சுவரில் மூன்றாம் துளை வெறும் துளையே.

உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, உங்கள் அடுக்களைச் சுவரை ஒருமுறை சோதிக்கச் செய்யுங்கள். அன்று எங்கள் வீட்டில் எவரும் அதைச் செய்யவில்லை.