கல்லை உடைக்கத் தெரிஞ்சாச்சு, தண்ணி குடிக்க வழி இருக்கா?

இன்னைக்கு சிறுநீரகக் கல்லோட வரலாறு. சித்த மருத்துவத்துல இதுக்கு ‘கல்லடைப்பு’ன்னு பேர். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது விலாவுல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் வலி சுருட்டிப் பிடிச்சா, முதல்ல வாழைத்தண்டு ஜூஸ், அப்புறம் ஸ்டான்லி. பெரியவங்க அதை இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ன்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்துல ஏழைகளுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம்தான் அதோட வேர். 1938ல அங்க மருத்துவக் கல்லூரி வந்தது.

ஆனா கல்லுக்கான வைத்தியம் அதைவிட ரொம்பப் பழசு. சிறுநீர்ப்பைக் கல்லைக் கீழ்ப்பக்கமா அறுத்து எடுக்கிற முறையை சுஸ்ருத சம்ஹிதை விளக்குது. கூடவே ஒரு எச்சரிக்கை: அறுக்காம விட்டா சாவு நிச்சயம், அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம். அதனால அரசன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கத்தியை எடுக்கணும். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

அந்தக் காலத்துல கல்லால அதிகம் தவிச்சது ஏழைக் குழந்தைங்க. பாலும் புரதமும் குறைஞ்ச, தானியம் மட்டுமே உள்ள சாப்பாடு முக்கியமான காரணம். 1920கள்ல நம்ம குன்னூர்ல ராபர்ட் மெக்கரிசன் எலிகளை வச்சு இதை ஆராய்ஞ்சார். சத்துக் குறைஞ்ச உணவு தின்ன எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில கல் வந்தது. பால் சேர்த்தா தடுக்க முடிஞ்சது. சாப்பாடு மேம்பட மேம்பட குழந்தைகளோட சிறுநீர்ப்பைக் கல் குறைஞ்சது. பெரியவங்களோட சிறுநீரகக் கல் பெருகினது.

இந்தக் கல் எப்படி உண்டாகுது? உடம்புல தண்ணி குறைஞ்சா சிறுநீர் கெட்டியாகும். அதுல இருக்கிற கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகும். உப்பளத்துல தண்ணி வத்தினா உப்பு பூக்குற மாதிரிதான். அந்தக் கல் சிறுநீர்க் குழாய்ல இறங்கி அடைக்கும்போதுதான் அந்த வலி.

சிகிச்சையோட பெரிய திருப்பம் 1970கள்ல வந்தது. 1976ல ஸ்வீடன் மருத்துவர்கள், முதுகுல சின்னத் துளை வழியா கல்லை எடுத்ததை வெளியிட்டாங்க. 1980 பிப்ரவரியில மியூனிக்ல கிறிஸ்டியன் சௌசியோட குழு, கத்தியே வைக்காம அதிர்வலையால கல்லை நொறுக்கினாங்க. அந்த மிஷினைச் செஞ்சது டோர்னியர்ங்கிற விமானக் கம்பெனி! ஒலியை விட வேகமாப் பறக்கிற விமானத்துல மழைத்துளி மோதினா என்ன ஆகும்னு ஆராய்ஞ்சவங்க அவங்க.

இன்னைக்கு 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கிற கல் பெரும்பாலும் தானாவே இறங்கிடும். நடுத்தரக் கல்லுக்கு அதிர்வலை, இல்லேன்னா சிறுநீர்ப் பாதை வழியாவே போய் லேசர். 2 சென்டிமீட்டருக்கு மேல போனா முதுகுத் துளை. ஆனா வலியோட காய்ச்சலும் வந்தா வாழைத்தண்டு ஜூஸுக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

சரி, கல்லை எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்க? ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீர் போற அளவுக்குத் தண்ணி குடிக்கணும், உப்பைக் குறைக்கணும். பால், தயிரை நிறுத்த வேண்டாம். ஆபீஸ்ல பாட்டிலோட உக்கார்றவங்களுக்கு இது ஈஸி. உலைக்கு முன்னாடி நிக்கிறவருக்கு, காசிமேட்டுல மீன் கூடையோட வெயில்ல உக்கார்ற அம்மாவுக்கு? கழிப்பறை இல்லேன்னா பெண்கள் தண்ணியையே குறைச்சுக்கிறாங்க. தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும், வேலையிட வெப்பத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் தொடர்பு இருக்கிறதைக் காட்டுச்சு.

2025 வரை நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 18வது பிரிவு குடிதண்ணி, 19வது பிரிவு கழிப்பறை. 250 பேருக்கு மேல வேலை செய்யற ஆலைன்னா வெயில் காலத்துல தண்ணியைக் குளிர்விச்சே கொடுக்கணும்னு அதுல எழுதியிருந்தது. எனக்கு அந்த ரெண்டு பிரிவும் கல் தடுப்பு மருந்துச் சீட்டாத்தான் தெரியுது. ஆனா கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்துலயும் மீன்கரையிலயும் உழைக்கிறவங்களை அந்தச் சீட்டு எட்டலை. அவங்களுக்கு நிழல், தண்ணி, சுத்தமான கழிப்பறை கேட்கிறதும் சிறுநீரக வைத்தியம்தான்.