இரண்டு மொழி பேசினால் குழப்பமா?

பேரனிடம் வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொன்னாராம் அவனுடைய ஆசிரியை. இரண்டு மொழி குழந்தையைக் குழப்புமாம்.

இது பழைய பயம். 1923-இல் வேல்ஸில் சேயர் என்பவர், கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்குவதாக எழுதினார். 1962-இல் மாண்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும் ஒத்த குடும்ப வசதியுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகளே முந்தினார்கள்.

2013-இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்தனர். ஒரு மொழிக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று இரவும் பேரனுக்குத் தமிழில்தான் கதை சொன்னேன். அவன் குழம்பவில்லை; இன்னொரு கதை கேட்டான்.